ஐந்தாவது இன்னிங்ஸில் கட்டிப்பிடித்தார்கள்

எங்கள் தீவு ஊரான சான் பெத்ரோவில் கல்லை விட்டெறிந்தால் பேஸ்பால் ஆடியவன் மேல்தான் விழும். அவனும் அதைப் பிடித்துத் திருப்பி எறிவான். அதனால் என் அப்பா மிங்கோ ஃபிப்ஸ் சம்பளம் வாங்கி ஆடியவர், அவர் பிள்ளை யூடிஸ் ஆகிய நானும் சம்பளம் வாங்கி ஆடுகிறவன் என்பதில் ஊரில் யாருக்கும் அதிசயமில்லை. அப்பா ஆடியதோடு நிற்காமல், மைதானத்தில் நின்று ஆட்டத்தை நடத்தும் மேனேஜர் ஆனார். அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தில், பெரிய லீகுக்கு ஒரு படி கீழே ஆடும் மீன்கொத்திகள் என்ற அணிக்கு. நான் நாலைந்து அணிகளைச் சுற்றிவிட்டுக் கடைசியில் அங்கேயே போய்ச் சேர்ந்தேன். முப்பது வயதில் பெற்ற அப்பனிடம் கைகட்டி நிற்கும் உத்தியோகம்.

ஒரு படி என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். அந்த ஒரு படி ஏற முடியாமல் தலை நரைத்தவர்கள் இருக்கிறார்கள். அப்பா கேட்சராக, அடிக்கிறவனுக்குப் பின்னால் குந்திப் பந்து பிடிப்பவராக, இருந்தவர். மூட்டுத் தேயத் தேயக் குந்தி எழுந்து பாதி ஆயுளைக் கழித்ததற்கு ஒரே ஒரு செப்டம்பர் மாதம் பெரிய லீகில் வைத்திருந்து திருப்பி அனுப்பினார்கள். எனக்கு அந்தச் செப்டம்பர்கூட வாய்க்கவில்லை.

அணியில் சேர்ந்த முதல் நாளே அப்பா ஒரு சட்டம் போட்டார். சீருடை போட்டிருக்கும் வரை நான் அவரை மேனேஜர் என்றுதான் கூப்பிட வேண்டும். சீருடையைக் கழற்றினால் அப்பா. மறந்துபோய் ஒருமுறை எல்லோர் முன்பும் அப்பா என்று கூப்பிட்டுவிட்டேன். மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார். வேறு யாராவது என்றால் திட்டோடு விட்டிருப்பார்.

அவருக்கு இனிக்க இனிக்கப் பேச வராது. பொய்யே சொல்லாத உத்தமர் என்று நினைத்துவிட வேண்டாம். மீன்கடையில் பேரம் பேசும்போது நாக்குக் கூசாமல் பொய் சொல்வார். ஆட்டத்தைப் பற்றி மட்டும் சொல்ல மாட்டார். ஆட்டத்தில் பொய் சொன்னால் ஒருத்தன் வாழ்க்கை கெட்டுப்போகும் என்பார். எனக்குப் பதினாறு வயதில், ஒரு கிளப்பிலிருந்து ஆள் எடுக்கிறவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா காபி போட்டுக் கொடுத்தாள். "நீங்களே சொல்லுங்க மிங்கோ, பையன் எப்படி?" என்று கேட்டார் அவர். அப்பா கத்தரிக்காய் வாங்குகிறவர் போல என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஓட்டம் இருக்கு. கைவீச்சு இருக்கு. அடி கிடையாது. வளைஞ்சு வர்ற பந்தைப் பார்த்தா கண்ணை மூடிக்கிறான்."

வந்தவர் என் காலுக்காக என்னை எடுத்துக்கொண்டார். அம்மா அன்று அப்பாவுக்குச் சோறு போடவில்லை.

"பெத்த பிள்ளையைப் பத்தி நாலு பேர் முன்னாடி நல்லதா ஒரு வார்த்தை வராதா உன் வாயில? பொய்யா இருந்தாத்தான் என்ன? நாக்கு அழுகிடுமா?"

"ஆட்டத்துல பொய் சொல்றதில்ல, மினெர்வா."

"அப்ப அந்த ஆட்டத்தையே கட்டிக்கிட்டு அழு. சோத்தையும் அதுகிட்டயே கேளு."

இது எங்கள் வீட்டுப் பழைய பாட்டு. அம்மா அதை விடவே இல்லை. நான் ஒஹாயோவிலிருந்து கூப்பிடும்போதெல்லாம், ஆட்டம் எப்படி, ஓட்டம் எத்தனை என்று ஒன்றும் கேட்க மாட்டாள். "அந்த மனுஷன் உன்னைப் பத்தி ஏதாவது நல்லதா சொன்னாரா?" என்றுதான் கேட்பாள். இல்லை என்பேன். "சொல்ல வைக்காம நான் சாகமாட்டேன்" என்பாள்.

அந்தப் புதன்கிழமை எங்களுக்குப் பகல் ஆட்டம். பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பஸ் பஸ்ஸாகக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். பந்து வந்தாலும் கத்தினார்கள், வராவிட்டாலும் கத்தினார்கள். அதற்கு முந்தின நாள்தான் பெரிய லீகில் ஆடும் எங்கள் தாய்க் கிளப்பின் சென்டர் ஃபீல்டர் சுவரில் மோதி மணிக்கட்டை முறித்துக்கொண்டிருந்தான். அடுத்தவன் எலும்பு முறிந்தால்தான் நமக்கு விடியும், இந்தப் பிழைப்பின் லட்சணம் அப்படி. அந்த இடத்துக்கு எங்கள் அணியிலிருந்து ஒருவனைக் கூப்பிட்டாக வேண்டும். அங்கே நின்று ஆடக்கூடியவர்கள் இரண்டே பேர். ஒன்று நான், இல்லாவிட்டால் கெஸ்லர்.

கெஸ்லர் இந்தியானாவில் பண்ணை வீட்டில் வளர்ந்தவன். என்னைவிட ஏழு வயது இளையவன், கதவு அகலத்துக்குத் தோள். உடைமாற்றும் அறையில் எனக்குப் பக்கத்து இடம் அவனுடையது. நல்ல பையன், அதுதான் எரிச்சல். கெட்டவனாக இருந்தால் நிம்மதியாக வெறுக்கலாம்.

"மச்சி, யாரைக் கூப்பிட்டாலும் மத்தவன் பீர் வாங்கித் தரணும்" என்றான் காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டே.

"நீ வாங்கிக் குடுத்தா வேணாம்னு சொல்லமாட்டேன்."

"நான் குடுக்கிற மாதிரிதான் தெரியுது, கிழவா. அப்பா மேனேஜர் ஆச்சே."

"அவர் மேனேஜரா இருக்கிறதுனாலதான் எனக்குப் பயமா இருக்கு" என்றேன். சிரித்தான்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டத்தின் நடுவில், அடியும் படாமல், தப்பும் செய்யாமல் ஒருவனை மேனேஜர் வெளியே கூப்பிட்டுக்கொண்டால் அதற்கு இரண்டே காரணம்தான். அவனை வேறு கிளப்புக்கு மாற்றிவிட்டார்கள். அல்லது பெரிய லீகுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதற்கு முன்பே டக்அவுட்டில், அதாவது மைதான ஓரத்து ஆட்டக்காரர் பெஞ்சில், இருப்பவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து அவனைக் கட்டிப்பிடிப்பார்கள். டிவியில் பார்க்கிறவர்கள்கூட அந்தக் கட்டிப்பிடியைப் பார்த்துத்தான் செய்தியைத் தெரிந்துகொள்வார்கள். நானும் எத்தனையோ பேரை அப்படி அணைத்து முதுகில் தட்டி அனுப்பியிருக்கிறேன், வயிறு எரிய எரிய.

ஐந்தாவது இன்னிங்ஸ். நான் சென்டர் ஃபீல்டில், மைதானத்தின் நடு ஆழத்தில் நின்றுகொண்டிருந்தேன். கெஸ்லருக்கு அன்று அடிக்கும் வேலை மட்டும்தான், மற்ற நேரம் டக்அவுட்டில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான். கிளப் ஆபீஸில் வேலை பார்க்கும் பெண் டக்அவுட்டுக்குள் இறங்கி வருவது தெரிந்தது. ஆட்டம் நடக்கும்போது ஆபீஸ் ஆட்கள் அங்கே வருவதில்லை. அவள் அப்பாவின் காதில் ஏதோ சொன்னாள். அப்பா தொப்பியைக் கழற்றித் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு வெளியே வந்து நடுவரிடம் பேசினார். எங்கள் மாற்று ஆட்டக்காரன் ஒருவன் கையுறையை மாட்டிக்கொண்டே என்னை நோக்கி ஓடி வந்தான்.

"என்னடா?"

"உன்னை வரச் சொன்னார்" என்றான். அவன் வாய் காது வரை இருந்தது. "போ மச்சி. போ!"

அங்கிருந்து டக்அவுட் வரை நடந்ததை நான் எப்படிச் சொல்வேன்? கால் தரையில் படவில்லை என்று சொல்வார்களே, எனக்கு நன்றாகவே பட்டது. ஒவ்வொரு அடியும் தெரிந்தது. பிள்ளைகள் ஏனென்று தெரியாமலே எனக்காகக் கத்தினார்கள். பதினாலு வருடம் பஸ்ஸில் தூங்கியதும், வாடகை அறைகளில் டப்பா பீன்ஸ் தின்றதும் இந்த நடைக்குத்தான் என்று நினைத்தேன்.

அப்பா டக்அவுட்டின் கோடியில், தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்றார். தன் கையிலிருந்த ஆட்டக்காரர் பட்டியல் அட்டையைத் துணைப் பயிற்சியாளரிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவில்லை.

"உள்ள போ. குளி. பையை எடுத்துக்க. வர்றேன்" என்றார். அவர் முகத்தில் ஒன்றுமில்லை. என்றைக்குத்தான் இருந்தது?

முதலில் வந்து கட்டிப்பிடித்தவன் கெஸ்லர். ஒரு கணம் அவன் முகம் வாடியதைப் பார்த்தேன். அடுத்த கணம் என் விலா எலும்பு நொறுங்குகிற மாதிரி அணைத்தான். "போய் நொறுக்குடா கிழவா" என்றான், என் காதில். பிறகு வரிசையாக எல்லோரும். எங்கள் வெனிசுவேலாக்காரக் கேட்சர் அழுதே விட்டான். அப்பா திரும்பிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து யாரோ பந்தை அடிக்க, பிள்ளைகள் கூரை பறக்கக் கத்தினார்கள். வாயை மூடிக்கொண்டார். டக்அவுட்டில் என்னைக் கட்டிப்பிடிக்காமல் நின்றவர் அவர் ஒருவர்தான்.

எந்த மேனேஜரும் ஒருவனைப் பெரிய லீகுக்கு அனுப்புவதற்காகத் தன் அட்டையை அடுத்தவன் கையில் கொடுத்துவிட்டு ஆட்டத்தை விட்டு வரமாட்டார். சந்தோஷத்தில் அது என் புத்தியில் உறைக்கவில்லை.

உள்ளே போய் முதல் வேலையாகப் போனை எடுத்தேன். ஆட்டம் நடக்கும்போது போனைத் தொடக்கூடாது, பெட்டியில்தான் கிடக்கும். நுரிஸ் சித்தி வரிசையாகக் கூப்பிட்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. எனக்கே இப்போதுதான் தெரிகிறது, அதற்குள் செய்தி சான் பெத்ரோவுக்குப் போய்விட்டதா, எங்கள் ஊர் மூக்கே மூக்கு என்று நினைத்தேன். அம்மாவின் நம்பரைக் கூப்பிட்டேன். சித்திதான் எடுத்தாள்.

"சித்தி, அம்மாகிட்ட குடு! சீக்கிரம்!"

"யூடிஸ், கண்ணு, நான் சொல்றதைக் கேளு..."

"நீ அப்புறம் சொல்லு. முதல்ல அம்மாகிட்ட குடு. நானே சொல்லணும்!"

சித்தி மூக்கை உறிஞ்சினாள். பிறகு, "காதுல வைக்கிறேன். பேசு" என்றாள்.

"அம்மா! கூப்பிட்டுட்டாங்கம்மா! பெரிய லீகுக்கு! அந்த மனுஷனே கூப்பிட்டு அனுப்பினாரும்மா, எல்லார் முன்னாடியும்! கேக்குதா? எல்லாரும் என்னைக் கட்டிப்பிடிச்சாங்கம்மா!"

மூச்சு விடும் சத்தம் கேட்டது. என்னை ஒரு வாக்கியம் முழுதாகப் பேசவிடாதவள் அன்று ஒன்றுமே பேசவில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டாள் என்று நினைத்து நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனேன். டிக்கெட் அனுப்புகிறேன், நீ வந்து முதல் வரிசையில் உட்கார வேண்டும், அந்த மஞ்சள் கவுனைப் போட்டுக்கொண்டு வா என்றெல்லாம். பிறகு சித்தியின் குரல் வந்தது.

"கேட்டுச்சுடா அவளுக்கு. என் கையை அழுத்தினா."

"கையை எதுக்கு அழுத்தணும்?"

அப்போது கதவு திறந்தது. அப்பா முழுச் சீருடையில், தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். நான் சிரித்துக்கொண்டே விறைப்பாக நிமிர்ந்து நின்றேன்.

"சொல்லுங்க மேனேஜர்!"

"அப்பான்னு கூப்பிடு" என்றார்.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. என்னவென்று தெரியவில்லை, ஆனால் தெரிந்துவிட்டது.

"அம்மா காலைல அடுப்படியில விழுந்துட்டா. தலையில ரத்தக் குழாய் வெடிச்சிடுச்சாம். ஏர்போர்ட்டுக்குப் போகணும். கிளம்பு."

"அப்ப... அது?"

"அது இல்லடா."

மயாமியில் அடுத்த விமானத்துக்குக் காத்திருந்தபோது அப்பாவின் போன் அடித்தது. கேட்டார். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "போயிட்டா" என்றார். நாங்கள் இருவரும் எதிரே இருந்த கடையில் ஒருவன் ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, நம்முடையதுதான், ஆனால் நம்முடையதில்லை, அப்படி உடம்பு முழுக்க இருந்தது எனக்கு. அழுகை வரவில்லை. பசித்தது. அதுவும் வேறு யாருக்கோ பசிப்பது போல இருந்தது.

ஊர் வந்து இறங்கினால், தெரு நிறைய ஜனம். அம்மாவை நடுக்கூடத்தில் கிடத்தியிருந்தார்கள், மஞ்சள் கவுனில். நான் போனில் சொன்னதைக் கேட்டுச் சித்தி எடுத்துப் போட்டுவிட்டிருந்தாள். வெளியே சாமியானா போட்டு நாற்காலிகள் அடுக்கியிருந்தது. மூலைக்கடைக்காரி மிலாடிஸ், கடையில் எந்நேரமும் அலறும் பாட்டை அம்மாவுக்காக நிறுத்திவிட்டாள். எங்கள் பேட்டையில் புயலுக்குக்கூட அது நின்றதில்லை. முதலில் வந்து என்னை அணைத்தவன் டாமினோ ஆடியே காலத்தை ஓட்டும் பாபுச்சோ.

"மனசைத் தேத்திக்க, புலி. உங்க அம்மா மாதிரி மனுஷி கிடையாது" என்று கண்ணைத் துடைத்தான். அதே மூச்சில், "ஆனா அடேயப்பா! பெரிய லீக்! எப்படா போறே?" என்றான்.

அவனுக்குப் பின்னால் வரிசை நின்றது. எல்லோரும் அணைத்தார்கள். எல்லோரும் அழுதார்கள். எல்லோரும் வாழ்த்தினார்கள். ஆஸ்பத்திரியில் என் குரலைப் பக்கத்துக் கட்டில் வரை கேட்டிருக்கிறார்கள். அதை நர்ஸ் சொல்ல, சித்தி சொல்ல, ஊர் பிடித்துக்கொண்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் அம்மாவின் தலைமாட்டில் நின்றுகொண்டு, வருகிறவர்களுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார். ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அடக்கம் செய்தோம். எங்கள் வழக்கப்படி ஒன்பது நாள் ஜபம் ஆரம்பித்தது. தினமும் சாயங்காலம் பெண்கள் வந்து ஜெபமாலை உருட்டினார்கள். இஞ்சித் தண்ணீரும் பிஸ்கட்டும் கொடுத்தோம். ஜபம் முடிந்ததும் நுரிஸ் சித்தி அந்தக் கதையைச் சொல்வாள். முதல் நாள் அம்மா கையை அழுத்தினாள். மூன்றாம் நாள் அம்மா சிரித்தாள். ஐந்தாம் நாள் அம்மா கண்ணைத் திறந்து, "எனக்குத் தெரியும்" என்று பேசியே விட்டாள். நான் சித்தியைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன்.

"சித்தி, நிஜத்தைச் சொல்லு. என்ன நடந்துச்சு?"

"கையை அழுத்தினாடா. அது சத்தியம்" என்றாள். "மத்ததெல்லாம் கேக்கிறவங்களுக்காக."

மூலைக்கடையில் பாட்டைத்தான் நிறுத்தினார்களே தவிர டிவியை நிறுத்தவில்லை. அதில் கெஸ்லர் ஆடிக்கொண்டிருந்தான், பெரிய லீகில், சென்டர் ஃபீல்டில். பாபுச்சோ பீர் பாட்டிலால் அவனைச் சுட்டிக் காட்டினான்.

"பாத்தியா, இந்த வெள்ளைக்காரன் உன் நாற்காலியைச் சூடு பண்ணிக்கிட்டு இருக்கான். நீ போய் நின்னதும் எந்திரிச்சு ஓடிருவான்."

திரையில் கெஸ்லர் ஒரு பந்தை அடித்தான். அது போன தூரத்தைப் பார்த்து பாபுச்சோவே வாயை மூடிக்கொண்டான்.

மறுநாள் கெஸ்லர் கூப்பிட்டான்.

"மச்சி, உங்க அம்மா... எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. அன்னிக்கு உன்னை வேற கட்டிப்பிடிச்சுத் தொலைச்சேன். மன்னிச்சுக்கடா."

"அப்ப உனக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியாதே."

"ஆட்டம் முடிஞ்சுதான் என்கிட்ட சொன்னாங்க." கொஞ்சம் தயங்கினான். "உங்க அப்பாவுக்கு நான் நேர்ல வந்து நன்றி சொல்லணும்டா. அன்னிக்குக் காலைலயே மேலிடத்துல அவரைக் கேட்டாங்களாம், உங்க பிள்ளையை அனுப்பலாமா, கெஸ்லரையான்னு. யோசிக்கவே இல்லையாம். கெஸ்லர்னாராம். எந்த அப்பன்டா அப்படிச் சொல்வான்? உன்கிட்ட சொல்லியிருப்பாரே?"

"சொன்னார்" என்றேன். சொல்லவில்லை.

போனை வைத்துவிட்டு, கோபம் வரவேண்டிய இடத்தைத் தடவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அவர் கெஸ்லர் என்று சொல்லியிருப்பார் என்பது கேட்டவுடன் பழைய செய்தியாகிவிட்டது. பதினாறு வயதில் காபி வாசனையோடு கேட்டதுதானே.

அப்பா பின்கட்டில் உட்கார்ந்து பச்சைத் துவரை உரித்துக்கொண்டிருந்தார். ஒன்பதாம் நாள் ஊருக்கே சோறு போட வேண்டும், துவரை போட்ட சோறு. உரிக்கும் வேலை அம்மாவுடையது. யாரும் கேட்காமலே அவர் எடுத்துக்கொண்டார்.

"அப்பா, கடைசி நாள் ஜபம் முடிஞ்சதும் நான் எல்லார்கிட்டயும் சொல்லிடப் போறேன். என்னை யாரும் கூப்பிடலைன்னு."

அவர் விரல் நிற்கவில்லை.

"பொய்யைக் கேட்டுட்டுப் போயிருக்கா அம்மா. நான் சொன்ன பொய்."

"நீ சொன்னது பொய் இல்லடா. தப்பாப் புரிஞ்சுக்கிட்டே. அது வேற."

"ஊருக்கு ரெண்டும் ஒண்ணுதான். அடுத்த வாரம் நான் ஒஹாயோவுலயே ஆடுறதை டிவில பார்ப்பாங்க. அப்ப என்ன சொல்றது?"

"ம்" என்றார். கெஸ்லர் பேச்சை நான் எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை.

அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. சொல்லாவிட்டால் நான் ஏமாற்றுக்காரன். சொன்னால் அம்மா ஏமாந்துபோய்ச் செத்தவள். பாபுச்சோ சிரிப்பதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். "பாவம் மினெர்வா, அவளுக்குக் கடைசியில் கிடைத்ததும் கள்ளக்காசுதான்" என்று அந்தப் பெண்கள் ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவார்களே, அதைத்தான் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அந்த ஒன்றைத் தவிர என் உடம்பில் வேறு எதுவும் வலிக்கவில்லை.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானமே ஜபத்தை வைத்துக்கொண்டோம். தெருவை அடைத்து நாற்காலி போட்டும் இடம் போதவில்லை. கடைசி ஜபம் முடிந்ததும், வழக்கப்படி பெண்கள் அம்மாவின் படத்துக்கு முன்னால் இருந்த மெழுகுவர்த்திகளை அணைத்து, மேஜையின் வெள்ளைத் துணியை மடித்தார்கள். துணி மடிந்துவிட்டால் போனவள் போனவள்தான். நான் எழுந்து நின்றேன். "எல்லாரும் ஒரு நிமிஷம்" என்றேன்.

"உக்காருடா" என்றார் அப்பா.

தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவர் எழுந்தார். உடைமாற்றும் அறையில் கத்துவாரே தவிர, ஊர் முன்னால் நின்று பேசி நான் பார்த்ததில்லை. தெரு அமைதியானது.

"மினெர்வா என்கிட்ட ரொம்ப வருஷமா ஒண்ணு கேட்டுக்கிட்டே இருந்தா. நான் செய்யல. இப்ப செய்யறேன்." தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "மேலிடத்துல என்னைக் கேட்டாங்க, பெரிய லீகுக்கு யாரை அனுப்பலாம்னு. என் பையனை அனுப்புங்கன்னு சொன்னேன். அவனைவிட நல்ல ஆள் என்கிட்ட இல்லைன்னேன். அவங்களும் சரின்னு கூப்பிட்டாங்க. இவன்தான் போகல. அம்மாவைப் பார்க்கணும்னு என்கூட வந்துட்டான். அந்த இடத்தை இன்னொருத்தனுக்குக் குடுத்துட்டாங்க. குடுத்தது குடுத்ததுதான், இனிமே கிடைக்காது. அதனால இவன்கிட்ட எப்ப போறே, எப்ப போறேன்னு யாரும் கேக்காதீங்க." அம்மாவின் படத்தைப் பார்த்தார். "அவ கடைசியா காதுல கேட்டது பொய் இல்ல. அவ்வளவுதான். எல்லாரும் சாப்பிடுங்க."

யாரும் சாப்பிட எழவில்லை. பாபுச்சோ தொப்பியைக் கழற்றினான். "பெத்தா இப்படிப் பிள்ளையைப் பெக்கணும்" என்று யாரோ ஒரு அம்மாள் சொன்னாள். நுரிஸ் சித்தி முந்தானை இல்லாத குறையாகக் கைக்குட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். பெண்கள் ஒவ்வொருவராக வந்து என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார்கள். நான் உட்கார்ந்தே இருந்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கை விரல்களைப் பார்த்தேன், அவை பாட்டுக்கு இருந்தன.

கூட்டம் பந்தியில் உட்கார்ந்த பிறகு பின்கட்டுக்குப் போனேன். அப்பா அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தட்டோடு உட்கார்ந்திருந்தார். எனக்கும் ஒரு தட்டில் துவரைச் சோறு போட்டு வைத்திருந்தார். எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"கெஸ்லர் போன் பண்ணினான்பா. எல்லாம் சொன்னான்."

கரண்டி பாதி வழியில் நின்றது. "ம்" என்றார்.

"ஆட்டத்துல பொய் சொல்றதில்லைன்னு சொல்வீங்க."

"சொன்னதில்ல."

"இன்னிக்கு?"

"அவ கேட்டா" என்றார்.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சாப்பிட்டோம். அவர் உரித்த துவரையில் பாதி முற்றல், பல்லில் கடிபட்டது. அம்மா உரித்தால் அப்படி இருக்காது.

"கெஸ்லர் என்னைவிட நல்லா ஆடுறானாப்பா?"

"ஆடுறான்."

"எவ்வளவு?"

அப்பா தட்டைப் பார்த்தார். வேலிக்கு அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்த கோழியைப் பார்த்தார். மறுபடியும் தட்டைப் பார்த்தார்.

"கொஞ்சம்தான்" என்றார்.

கொஞ்சம் இல்லை. கெஸ்லரின் மட்டையிலிருந்து பந்து கிளம்பும் சத்தமே வேறு. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் அடிப்பது அவன்தான் என்று சொல்லிவிடலாம். அது எனக்குத் தெரியும், அப்பாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வாழ்நாள் முழுக்க ஆட்டத்தைப் பற்றிப் பொய் சொல்லாத மனுஷன் ஒரே மத்தியானத்தில் இரண்டு சொல்லிவிட்டார். முதலாவது அம்மாவுக்கு. இது எனக்கு மட்டும்.

மயாமியில் வராதது, கல்லறையில் வராதது அப்போது வந்தது. தட்டு மடியில் இருந்ததால் முகத்தை மூடக்கூட முடியவில்லை, சோற்றின் மேலேயே அழுதேன். அப்பா எழுந்தார், மூட்டு இரண்டும் சடசடவென்று நெட்டி முறிந்தன. என் தட்டை எடுத்துத் தரையில் வைத்தார். பிறகு, டக்அவுட்டில் செய்யாததை, பழக்கமில்லாத கையோடு செய்தார்.